ஓவன் கைப்பிடியில் கட்டிய துண்டு

சர்க்கரை கருகும் வாசனை முதலில் எட்டியது நாய்க்குத்தான். பின்வாசலில் படுத்திருந்த ஜெட் தலையைத் தூக்கியது, மூக்கைச் சுளித்தது, எழுந்து நாலடி தள்ளிப் போய்ப் படுத்துக்கொண்டது. சமையலறை மேஜையில் பன்றித்தொடை ஹாமின் தோலை உரித்துக்கொண்டிருந்த கெல்வின் அதைப் பார்த்துச் சிரித்தான்.

"என்னடா, இன்னும் உள்ளயே வைக்கல. அதுக்குள்ள உனக்குப் பிடிக்கலையா?"

சொல்லி முடிப்பதற்குள் அவன் மூக்கிலும் ஏறியது. ஹாம் இங்கே மேஜையில் இருக்கிறது. அப்படியானால் ஹாமுக்காகச் சூடேற்றி வைத்த ஓவனுக்குள் கருகுவது என்ன?

கையில் இருந்த துண்டைப் பார்த்தான். பச்சைக் கட்டம் போட்ட சமையலறைத் துண்டு. விரலில் ஒட்டிய கொழுப்பைத் துடைப்பதற்காக ஓவன் கைப்பிடியிலிருந்து சற்று முன் அவனே எடுத்தது. சும்மா எடுக்கவில்லை, அவிழ்த்து எடுத்தான். அதில் இரட்டை முடிச்சு இருந்தது. அந்த வீட்டில் அந்த முடிச்சுக்கு ஒரே அர்த்தம்தான்: உள்ளே பாவ்லோவா கேக் ஆறிக்கொண்டிருக்கிறது, கிட்டே வராதே.

கதவைத் திறந்தான். புகை முகத்தில் அடித்தது.

நேற்றுச் சாயங்காலம் மனைவி நோலீன் செய்தது. வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் நுரைக்க நுரைக்க அடித்து, இளஞ்சூட்டில் சுட்டு, அணைத்த ஓவனுக்குள்ளேயே இரவெல்லாம் விட்டுவிடுவாள். காலையில் வெளியே முட்டை ஓடு போல மொறுமொறுப்பாகவும் உள்ளே பஞ்சாகவும் இருக்கும். மேலே க்ரீம், அதன்மேல் பழம். கிறிஸ்துமஸ் வாரத்தில் அது இல்லாத மேஜை அந்தப் பள்ளத்தாக்கில் கிடையாது. இப்போது தட்டில் இருந்தது காய்ந்த மாட்டுச் சாணி மாதிரி இருந்தது. நடுவில் வெடித்து, பாகு கருப்பாக வழிந்து கம்பியில் சொட்டிக்கொண்டிருந்தது.

கெல்வின் ஓவனை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

வேறு எந்த நாளாக இருந்தாலும் இது சிரித்து விட்டுவிடக்கூடிய விஷயம். இன்று அப்படி இல்லை. மகள் பிரைடி பிரிஸ்பேனிலிருந்து வருகிறாள். கட்டிக்கொள்ளப் போகிற டார்சி வருகிறான், அவனுடைய அப்பா அம்மாவும் முதல்முறையாக வருகிறார்கள். ஆஸ்திரேலியாக்காரர்கள். பாவ்லோவா இங்கே இல்லை, தங்கள் நாட்டில்தான் பிறந்தது என்று சாதிக்கிற கூட்டம். "ஒரு வாய் போட்டதும் அவங்க பேச்சு நின்னுடணும்" என்று நோலீன் நேற்று முட்டை அடிக்கும் பீட்டரைச் சுழற்றிக்கொண்டே சொன்னாள். இப்போது அவர்களை அழைத்துவர இன்வர்கார்கில் விமான நிலையத்துக்குப் போயிருக்கிறாள்.

அதுகூடப் பெரிதில்லை. கெல்வின் ஏழு மாதமாக அந்த வீட்டில் வசிக்கவில்லை என்பதுதான் பெரிது. முற்றத்துக்கு அந்தப் பக்கம், ஆட்டு ரோமம் கத்தரிக்க வருகிறவர்கள் தங்கும் கொட்டகையில் அவனுடைய கட்டில் கிடந்தது.

பிப்ரவரியில் டிராக்டரில் இருக்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. இரண்டு தடவை. இனிமேல் வண்டி ஓட்டவே கூடாது என்றார் டாக்டர். சரி சரி என்று தலையாட்டிவிட்டு, அவர் வாசலிலிருந்து வண்டியை ஓட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தான் கெல்வின். மூன்று மாதம் யாரிடமும் மூச்சுவிடவில்லை. மே மாதம் ஒரு மத்தியானம் வண்டி சாலையை விட்டு ஓடையில் இறங்கியபோது பக்கத்து இருக்கையில் நோலீன் இருந்தாள். அவளுக்கு மணிக்கட்டு ஒடிந்தது. ஆஸ்பத்திரியில், "நான்தான் அப்பவே சொன்னேனே கெல்வின்" என்று டாக்டர் சொன்னபோது, மாவுக்கட்டுப் போட்ட கையோடு அவள் திரும்பிப் பார்த்த பார்வையை அவனால் இன்றும் மறக்க முடியவில்லை.

"நீ பொய் சொல்ல மாட்டே கெல். அது எனக்குத் தெரியும்" என்றாள் வீட்டுக்கு வந்த பிறகு. "சொல்லாம விட்டுருவே. பொய்யாவது பரவால்ல, கண்டுபிடிச்சிரலாம். இன்னும் என்னென்ன சொல்லாம வச்சிருக்கேன்னு தினமும் உன் மூஞ்சியப் பாத்துட்டே என்னால படுக்க முடியாது."

ஜனவரியில் கத்தரிக்கிற ஆட்கள் வந்துவிடுவார்கள். கொட்டகை காலியாக வேண்டும். அதன் பிறகு அவன் பெட்டி இந்த வீட்டுக்குள் வருமா, இல்லை டவுனில் ஏதாவது ஒற்றை அறைக்குப் போகுமா என்பதுதான் கேள்வி. "ஹாமை நீ பாத்துக்கோ" என்று நேற்று சொல்லியிருந்தாள். "இவங்க வந்துட்டுப் போகட்டும். அப்புறம் உன் பெட்டி எங்க போகும்னு சொல்றேன்."

வாசலில் நான்கு சக்கர பைக் வந்து நின்ற சத்தம் கேட்டது. பக்கத்துப் பண்ணை ஹூயா. நோலீனுக்கு நெருங்கிய தோழி. கையில் ஸ்ட்ராபெரிக் கூடை.

"என்னப்பா கெல், வீட்டக் கொளுத்திட்டியா? எங்க வேலி வரைக்கும் நாறுது." உள்ளே வந்தவள் தட்டைப் பார்த்தாள். கூடையை மெதுவாக மேஜையில் வைத்தாள். "இது... அவளோடதா?"

"ஹாமுக்காக ஓவனைச் சூடு பண்ணினேன்."

"துண்டு கட்டியிருப்பாளே?"

கெல்வின் கையை உயர்த்திக் காட்டினான். துண்டு இன்னும் கையிலேயே இருந்தது.

ஹூயா சிரித்தாள். சிரித்துச் சிரித்து, உட்கார இடம் தேடி, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் சிரிக்கவில்லை என்பதைக் கண்டதும் சட்டென்று நிறுத்தினாள்.

"சரி விடு. நான் டவுனுக்குத்தான் போறேன். கடையில ஒண்ணு வாங்கிட்டு வந்து தந்துடறேன். நானே வருஷா வருஷம் அதைத்தான் வாங்கறேன். இத நோலீன்கிட்ட சொன்னே, கழுத்தத் திருகிருவேன்."

"அவளுக்குத் தெரிஞ்சிரும் ஹூயா. கடையில விக்கிறது டயர் மாதிரி இருக்கும்."

"மேல க்ரீம அப்பிட்டா எல்லாம் ஒண்ணுதான்ப்பா."

"அவளுக்குத் தெரியும்."

"அப்ப என்ன பண்ணப் போறே?"

"நானே செய்யப் போறேன்." வாயிலிருந்து வந்த பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. "முட்டை வேணும். இங்க வெறும் மஞ்சள்கருதான் கிண்ணம் நெறைய இருக்கு."

"எங்க கோழி காலைல போட்டது கூடையோட வீட்ல இருக்கு. இன்னும் சூடு ஆறல."

"புதுசு வேணாம். போன வாரத்தது இருக்கா? புதுசுல வெள்ளை சரியா நுரைக்காது."

ஹூயா அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"இருபத்தெட்டு வருஷமா அந்த நாற்காலியில உக்காந்து அவளப் பாத்துட்டிருக்கேன். வேற எப்படி?"

போய் ஒரு டஜன் முட்டையோடு திரும்பி வந்தாள். வாசலில் நின்று, "நான் இங்க வரவே இல்ல. ஒண்ணும் பாக்கவே இல்ல. நீயாச்சு அவளாச்சு" என்று கையை உதறிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

ஹாமில் தேனைத் தடவி, வெளியே பார்பெக்யூ அடுப்பைப் பற்றவைத்து உள்ளே வைத்து மூடினான். கருகியதைத் தட்டோடு கொண்டுபோய் விறகுக் குவியலுக்குப் பின்னால் வைத்தான். ஜெட் வந்து முகர்ந்துவிட்டு அப்பால் போனது.

ஆறு முட்டையை உடைத்து வெள்ளையைப் பிரித்தான். பெரிய கிண்ணத்தைக் கழுவித் துடைத்து, ஊற்றி, பீட்டரைப் போட்டான். சத்தம்தான் வந்தது. வெள்ளை ஏறவில்லை. சோப்புத் தண்ணீர் மாதிரி மேலே கொஞ்சம் நுரை, அடியில் அதே வழவழப்பு. வேகத்தைக் கூட்டினான். கிண்ணத்தைச் சாய்த்துப் பிடித்தான். கை வலித்தது. ஒன்றும் நடக்கவில்லை.

நோலீன் என்ன செய்வாள்? கண்ணை மூடிக்கொண்டு யோசித்தான். அவள் முதுகு தெரிந்தது. கிண்ணத்தில் வினிகரைச் சொட்டவிட்டுச் சுத்தமான தாளால் வழித்தெடுப்பாள். ஒரு பொட்டு எண்ணெய் இருந்தாலும் வெள்ளை எழும்பாது என்பாள். கெல்வின் கிண்ணத்தை எதனால் துடைத்தான்?

பச்சைக் கட்டத் துண்டு. ஹாம் கொழுப்பைத் துடைத்த அதே துண்டு.

"நாசமாப் போன துண்டே!" என்று அதைச் சுருட்டி மூலையில் எறிந்தான்.

மிச்சம் ஆறு முட்டை. இனி இதுவும் போனால் ஹூயாவின் காலில்தான் விழ வேண்டும், அவளும் டவுனுக்குப் போய்விட்டாள். கிண்ணத்தை வினிகரால் வழித்தான். இந்தத் தடவை ஒவ்வொரு முட்டையையும் முதலில் சின்னக் கோப்பையில் உடைத்தான், அவள் செய்வது போல. நாலு முட்டை ஒழுங்காகப் பிரிந்தது. ஐந்தாவதில் விரல் வழுக்கி மஞ்சள் கிழிந்து கோப்பைக்குள் இழையோடியது. பெரிய கிண்ணத்துக்கு மேலே உடைத்திருந்தால் அத்தனையும் போயிருக்கும். அதை அப்படியே தள்ளி வைத்துவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு ஆறாவதை உடைத்தான்.

ஐந்து வெள்ளை. சர்க்கரையைக் கண்ணளவாகக் குறைத்துக்கொண்டான்.

இந்தத் தடவை ஏறியது. முதலில் குமிழி, பிறகு மேகம், பிறகு பீட்டர் போன தடத்திலெல்லாம் வரி வரியாக மடிப்பு. சர்க்கரையை ஒவ்வொரு கரண்டியாகப் போட்டான். மொத்தமாகக் கொட்டிவிடத் துடித்த கையை அடக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு துளி எடுத்துத் தேய்த்துப் பார்த்தான். நறநறத்தது. இன்னும் அடித்தான். மறுபடி தேய்த்தான். பட்டு மாதிரி வழுக்கும் வரை விடவில்லை.

கடைசிச் சோதனை ஒன்று இருந்தது. கல்யாணமான புதிதில், இந்த நாற்காலியில் அவன் உட்கார்ந்திருக்கும்போது, நோலீன் கிண்ணத்தைத் தூக்கி அவன் தலைக்கு மேலே கவிழ்த்துவிடுவாள். "ஆடாதே! விழுந்தா உன் மண்டைக்கு நான் பொறுப்பில்ல." ஒரு வருஷம்கூட விழுந்ததில்லை. இன்று அவன் தன் தலைக்கு மேலே தானே கவிழ்த்துக்கொண்டு, காலியான சமையலறையில் ஒரு நிமிஷம் நின்றான். விழவில்லை.

சோளமாவு, வினிகர். மெதுவாகப் புரட்டி, தாளில் குவித்து, ஓரத்தைக் கத்தியால் மேல்நோக்கி வழித்துவிட்டான். ஓவனுக்குள் வைத்து, சூட்டைக் குறைத்து, கதவை மூடினான். இனித் திறக்கக் கூடாது. அலமாரியிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கைப்பிடியில் இரட்டை முடிச்சுப் போட்டான். விமான நிலையத்திலிருந்து அவர்கள் கடற்கரைப் பக்கம் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரச் சாயங்காலம் ஆகும். நேரம் இருக்கிறது.

அப்போதுதான் போன் அடித்தது.

"கெல், நாங்க கிளம்பிட்டோம்" என்றாள் நோலீன். பின்னால் ஒரே பேச்சும் சிரிப்பும். "ப்ளேன் சீக்கிரமே வந்துருச்சு. எல்லாருக்கும் களைப்பா இருக்காம், கடற்கரை வேணாம்னுட்டாங்க. நேரா வீட்டுக்குத்தான். ஹாம் ஆச்சா?"

"வெளிய பார்பெக்யூல வச்சிருக்கேன்."

"அதுவும் நல்லதுதான். ஓவனத் தொடாதே, உள்ள பாவ்லோவா இருக்கு. துண்டு கட்டியிருக்கேன், பாத்தியா?"

அவன் குனிந்து ஓவனைப் பார்த்தான். கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளைக் குவியல் லேசாக உப்பிக்கொண்டிருந்தது. நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது.

"பாத்தேன்" என்றான்.

"சரி. ஒரு மணி நேரத்துல வந்துருவோம்."

போன் அடங்கியது. கெல்வின் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பார்த்தேன். பொய் இல்லை. ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. பிப்ரவரியில், "டாக்டர் என்ன சொன்னார்?" என்று அவள் கேட்டபோது, "வயசாச்சாம்" என்று சொன்னானே, அதுவும் பொய் இல்லை.

 உடனே அவளைத் திரும்ப அழைத்தான். மணி அடிக்கவே இல்லை. குன்றுகளுக்கு நடுவே வண்டி நுழைந்தால் வீடு வரும் வரை போன் எடுக்காது. மறுபடி அழைத்தான். மறுபடி.

அதன் பிறகு அவனால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. சொல்லாமலே இருந்துவிட்டால் என்ன? யாருக்குத் தெரியும்? ஹூயா வாயைத் திறக்க மாட்டாள். ஜெட்டுக்குப் பேச வராது. கரி விறகுக்குப் பின்னால் இருக்கிறது, குழி தோண்டிப் புதைத்துவிடலாம். க்ரீமும் கிவிப் பழமும் போட்டுவிட்டால் நோலீனே கண்டுபிடிப்பாளோ என்னவோ. இந்த ஒரு நாள் கடந்துவிட்டால் பெட்டி வீட்டுக்குள் வந்துவிடும். வந்த பிறகு நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் அன்றைக்கும் நினைத்தான்.

ஓவனை அணைத்துவிட்டு மணியையும் சாலையையும் மாறி மாறிப் பார்த்தான். அது உள்ளேயே மெல்ல ஆற வேண்டும். அவசரப்பட்டு வெளியே எடுத்தால் வெடித்துவிடும். தூரத்தில் புழுதி கிளம்பியது. பிறகு வண்டியின் கூரை தெரிந்தது. ஜெட் குரைத்துக்கொண்டு ஓடியது.

முற்றம் நிறைந்துவிட்டது. பிரைடி அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அப்பா, இளைச்சுட்டீங்களே!" நெடுநெடுவென்று டார்சி கை குலுக்கினான். அவன் அப்பா மெர்வ், பெரிய தொந்தியும் பெரிய தொப்பியுமாக, இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டார். "எங்க ஊரு பலகாரத்த நீங்க எப்படிப் பண்றீங்கன்னு பாக்கத்தான் கடல் தாண்டி வந்திருக்கோம்!" அவர் மனைவி கிளெனிஸ், "வாய மூடுங்க, இன்னும் வீட்டுக்குள்ளயே போகல" என்று அவர் முழங்கையைக் கிள்ளினாள்.

நோலீன் நேராகச் சமையலறைக்குப் போய்விட்டாள். கெல்வின் பின்னாலேயே போனான்.

அவள் நடுவில் நின்றிருந்தாள். மூக்கு ஒரு தரம் அசைந்தது. ஓவன் கைப்பிடியைப் பார்த்தாள். அங்கே முடிச்சுப் போட்டிருந்த துண்டு நீலம். மூலையில் சுருண்டு கிடந்தது பச்சைக் கட்டம். அவள் ஒன்றும் கேட்கவில்லை. 

"நோலீன்" என்றான்.  "உள்ள இருக்கறது உன்னோடது இல்ல. உன்னோடது கருகிப் போச்சு. ஹாமுக்காக ஓவனப் போட்டேன். முடிச்ச நான்தான் அவுத்தேன், பாத்துட்டேதான் அவுத்தேன், புத்தியில ஏறல. இது நான் செஞ்சது."

அவள் பார்வை மூலையில் கிடந்த பச்சைத் துண்டுக்குப் போய்த் திரும்பியது.

"போன்ல கேட்டப்பவே சொல்லியிருக்கணும். 'பாத்தேன்'னு சொன்னேன். சொல்லிட்டு உடனே உனக்குப் போன் போட்டேன், எடுக்கல. எடுத்திருந்தா சொல்லியிருப்பேன்னுதான் நினைக்கறேன். சத்தியமா எனக்கே தெரியல."

வெளியே மெர்வ் சிரிக்கும் சத்தம். நோலீன் போய் நீலத் துண்டை அவிழ்த்து, அதையே கையில் சுற்றிக்கொண்டு, கதவைத் திறந்து தட்டை வெளியே எடுத்தாள். காற்றுப் பட்டதும் மேலே ஒரு கீறல் நெடுக ஓடி, நடு லேசாக உள்ளே அமுங்கியது. கெல்வினுக்குத் தன் விலா எலும்புக்குள் கேட்டது போல இருந்தது அந்தச் சத்தம்.

அவள் ஓரத்தில் ஒரு துணுக்கு உடைத்து வாயில் போட்டாள். மென்றாள். ரொம்ப நேரம் மென்றாள்.

"விரல்ல தேச்சுப் பாத்தியா?"

"பாத்தேன். வழுக்கற வரைக்கும்."

"தலையில கவுத்துப் பாத்தியா?"

"ம்."

"யார் தலையில?"

"என் தலையிலதான். வேற யார் இருந்தா இங்க?"

அவள் முகத்தைச் சட்டென்று அலமாரிப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் ஒரு தரம் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. திரும்பியபோது இரண்டுமே இல்லாத முகமாக இருந்தது.

"ஒரு மணி நேரம்" என்றாள்.

"என்னது?"

"போன்ல சொல்லாம விட்டதுலேர்ந்து இப்ப சொன்னது வரைக்கும். போன தடவ மூணு மாசம் ஆச்சு. அதுவும் நீ சொல்லல, டாக்டர் சொன்னார்." தட்டை ஜன்னல் ஓரம் வைத்தாள். "இன்னும் கொஞ்சம் சுருக்கிக்கலாம்."

கெல்வின் தலையாட்டினான். 

"அம்மா!" முற்றத்திலிருந்து பிரைடி கத்தினாள். "இவங்க பெட்டியெல்லாம் எங்க வைக்கறது?"

நோலீன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். பதில் சொல்வதற்கு முன் கெல்வினை ஒரு பார்வை பார்த்தாள்.

"கொட்டகையில வைங்க! அங்கதான் கட்டில் நீளமா இருக்கு!" என்று கத்திவிட்டு, தணிந்த குரலில், "போ, உன் சாமானக் காலி பண்ணிக் குடு" என்றாள்.

"பண்ணி... எங்க கொண்டு போறது?"

"தலையில கவுத்துக்கோ. எங்க கொண்டு போறதாம்! இங்கதான் கொண்டு வா." கிவிப் பழத்தையும் கத்தியையும் எடுத்துக்கொண்டாள். "இது ஆறினதும் வெடிப்பு மேல க்ரீம் போட்டு மூடிக்கறேன். கேட்டா யார் செஞ்சதுன்னு சொல்லிருவேன், மறைக்க மாட்டேன்."

அவன் ஓட்டமும் நடையுமாக முற்றத்தைக் கடந்தான். இரண்டு சட்டை, சவரப் பெட்டி, ரேடியோ, தலையணை. ஏழு மாதம் வாழ்ந்த வாழ்க்கை ஒரே அணைப்பில் அடங்கிவிட்டது. திரும்பி வரும் வழியில் மெர்வ் எதிர்ப்பட்டார்.

"என்னப்பா, எங்களால உனக்கு இடம் போச்சா?"

"உங்களால ஒண்ணும் இல்ல" என்று ஆரம்பித்தவன் நின்றான்.

பார்பெக்யூவுக்குப் பக்கத்தில் சுகமாகப் படுத்திருந்த ஜெட் தலையைத் தூக்கியது. மூக்கைச் சுளித்தது. எழுந்து, நாலடி தள்ளிப் போய்ப் படுத்துக்கொண்டது. மூடியின் இடுக்கிலிருந்து தேன் கருகும் புகை மெல்லிய கோடாக எழுந்துகொண்டிருந்தது.

கெல்வின் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பள்ளத்தாக்கே கேட்கும்படி கத்திக்கொண்டு வீட்டை நோக்கி ஓடினான்.

"நோலீன்! ஹாம் கருகுது! நான்தான் மறந்துட்டேன்!"